பன்றிக்கேற்ற துப்பாக்கி

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை. சக்கரத்திலும் தொடங்கவில்லை. காட்டுப்பன்றிக்கு ஏற்ற துப்பாக்கியை ஒருவன் சரியாகத் தேர்ந்தெடுத்தானே, அன்றைக்குத்தான் தொடங்கியது. சரியான துப்பாக்கிக்கு முன்னால் நின்று உயிர் பிழைத்த பன்றி இன்றுவரை பிறக்கவில்லை.

இதைச் சொன்னவர் கர்னல் ராய்ஸ் டில்மன். சொன்ன இடம், டெக்சஸில் லாஸ்ட் மியூல் வேட்டைக் கழகத்தின் வசந்தகால விருந்து. இடது கையில் மாட்டு நெஞ்சுக்கறித் தட்டு, வலது கையில் முள்கரண்டி, தலையில் வீட்டுக்குள்ளும் கழற்றாத தொப்பி. நெருப்பும் சக்கரமும் வந்த காலத்தில் துப்பாக்கியே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் வாயிலும் கறி இருந்தது.

கர்னல் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. டிராக்டர் விற்றுச் சம்பாதித்தவர். அந்தத் தொப்பியைப் பார்த்து யாரோ ஒருமுறை "கர்னல்" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் நியமனம்.

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த எமில் கோவாருக்கு மட்டும் கறி இறங்கவில்லை. முந்தின வாரம்தான் ஓடையோர வயலில் மக்காச்சோளம் விதைத்திருந்தான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், விதைக்கருவி ஓடிய அதே வரிசையில், அதே இடைவெளியில், ஒரு விதைகூட விடாமல் பன்றிகள் தோண்டித் தின்றிருந்தன. கருவியோடு வந்த கையேட்டைப் படித்துவிட்டு வந்தவை போல அவ்வளவு ஒழுங்கு. கொட்டகையில் இன்னொரு முறை விதைக்கத் தேவையான மூட்டைகள் இருந்தன. கோடை வெயில் முற்றுவதற்குள் விதைத்தாக வேண்டும். அதுவும் பன்றி வயிற்றுக்குப் போனால், இந்த வருடம் வயல் இல்லை. டல்லாஸில் நீச்சல்குளம் விற்கிற மச்சானிடம் வேலைக்குப் போகவேண்டியதுதான். மச்சான் நல்லவர். ஏற்கெனவே எமில் பெயரில் விசிட்டிங் கார்டு அடித்து அனுப்பியிருந்தார். கார்டின் மூலையில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது.

அந்த வாத்தை நினைத்துக்கொண்டே எமில் மறுநாள் லானியின் துப்பாக்கிக் கடைக்குப் போனான்.

"பன்னி சுட ஒரு துப்பாக்கி வேணும், லானி."

லானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் பன்னி?"

"என் வயல்ல இருக்கற பன்னி."

"அது தெரியுதுப்பா. எப்படிப்பட்ட பன்னி? ஓடையோரத்துப் பன்னியா, புதர்ப் பன்னியா? நின்னு திங்குமா, நடந்துக்கிட்டே திங்குமா? கூட்டமா வருதா? கூட்டம்னா, தலைவி யாரு?"

"லானி, அது என் சோளத்தைத் திங்குது."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பன்னியைப் பத்திக் கேட்டா சோளத்தைப் பத்திப் பேசறீங்க."

எமில் சுவரில் மாட்டியிருந்தவற்றில் ஒன்றைக் காட்டினான். "அது சுடும்தானே?"

"நல்லா சுடும். ஆனா குடுக்க முடியாது. உங்கப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு."

அது உண்மை. எமிலின் அப்பா, கிறிஸ்துமஸுக்கு வருடாவருடம் ஒரு முழ சாசேஜ் என்ற பேச்சில், தன் நிலத்தின் வேட்டை உரிமையைக் கழகத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அந்த நிலத்தில் வேட்டையாட வேண்டுமானால், நிலத்துக்காரனே ஆனாலும், கழகத்தின் துப்பாக்கித் தேர்வுக் குழு ஒப்புக்கொண்ட துப்பாக்கியால்தான் வேட்டையாட வேண்டும். சாசேஜ் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"குழுவுல யாரு இருக்கா?"

"கர்னல். அப்புறம் பல் டாக்டர் ஆர்வில். அப்புறம் நான்."

"அப்ப நீயே குடுத்துடேன்."

லானி மனசு உருகித்தான் போனார். "கடைக்காரனா இருந்தா இந்த நிமிஷமே குடுத்துடுவேன், எமில். ஆனா குழு உறுப்பினரா என்னை நானே தடுக்க வேண்டியிருக்கு. சில நேரம் ராத்திரி தூக்கமே வர்றதில்ல."

குழு கூடியது. கழகத்துக் கூடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், முன்னால் ஒரு மடக்கு நாற்காலியில் எமில். சுவரெல்லாம் பாடம் செய்த பன்றித் தலைகள். அவை எல்லாமே கழகம் தொடங்குவதற்கு முன்னால் செத்தவை.

எமிலுக்குத் தெரியாத ஒரு விஷயம், கழகத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. சின்னத் தோட்டா வேகமாகப் போய்க் காரியத்தை முடிக்கும் என்பது ஒரு கட்சி. பெரிய தோட்டா மெதுவாகப் போனாலும் மரியாதையாகப் போகும் என்பது இன்னொன்று. நெற்றியில் வடகலை தென்கலை நாமம் இட்டுக்கொள்ளாத குறைதான். ஒரு கட்சிக்காரர் காப்பி குடித்த மேசையில் மற்றவர் உட்கார மாட்டார். போன வருடம் ஒரு கல்யாணமே இதனால் நின்றுபோனது. பெண் வீட்டார் சின்னத் தோட்டா.

"உன்னோட பன்னிக் கொள்கை என்ன?" என்று கர்னல் ஆரம்பித்தார்.

எமில் யோசித்தான். "அது வரக்கூடாது."

மூவரும் ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, அது கொள்கை இல்ல," என்றார் கர்னல். "அது ஆசை."

பல் டாக்டர் ஆர்வில் முன்னால் சாய்ந்தார். ஓய்வு பெற்றும் அவர் பேச்சில் கிராம்புத் தைல வாசனை போகவில்லை. "இங்க பாரு எமில். பன்னிங்கறது கடைவாய்ப்பல்லு மாதிரி. வெளிய தெரியறது கொஞ்சம். வேரு உள்ள இருக்கு. சின்னதா, வேகமா உள்ள போகணும். அதுக்கே தெரியக்கூடாது."

"டாக்டர் பல்லு புடுங்கினது யாருக்கும் தெரியாம இருந்ததில்ல," என்றார் கர்னல். "ஊருக்கே கேட்டுது."

"கர்னல், தனிப்பட்ட முறையில பேச வேணாம்."

"உங்க தோட்டாவைப் பத்திப் பேசறேன், டாக்டர். கொசுவுக்கு வாங்கிக் குடுத்தாக்கூட வேணாம்னு திருப்பிக் குடுக்கும்."

"உங்க தோட்டா போய்ச் சேர்றதுக்குள்ள பன்னிக்கு வயசாயிடும்!"

லானி இரண்டு அளவும் விற்பவர் என்பதால் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

சண்டை ஓய்ந்ததும் கர்னல் எமிலின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு ரகசியம் சொல்வது போலச் சொன்னார். "தோட்டா எதுவா இருந்தாலும் துப்பாக்கி செமி-ஆட்டோமேட்டிக்கா இருக்கணும். இதுல மட்டும் எங்களுக்குள்ள பிரிவே கிடையாது. ஏன்னு தெரியுமா? பன்னி ஒண்ணா வராது, குடும்பத்தோட வரும். விசையை இழுத்தா ஒண்ணு. மறுபடி இழுத்தா இன்னொண்ணு. நடுவுல யோசிக்கவே வேணாம். யோசிக்கறதை எவன் விட்டானோ அவன்தான் வேட்டைக்காரன். நான் விட்டு ரொம்ப வருஷமாச்சு."

எமில் தயக்கத்தோடு கேட்டான். "இந்த வருஷம் கழகத்துல எத்தனை பன்னி சுட்டீங்க, கர்னல்?"

கர்னல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இது தேர்வு வருஷம்," என்றார் கர்னல்.

"போன வருஷம்?"

"போன வருஷம் குழுவைத் தேர்ந்தெடுத்த வருஷம்."

எமிலின் விண்ணப்பம் தள்ளுபடி ஆகவில்லை. ஏற்கப்படவும் இல்லை. சோதனைத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, அதை எமிலின் உடம்புக்கும் குணத்துக்கும் தக்கபடி சீரமைப்பது என்று தீர்மானமாயிற்று. சீரமைக்கும் பொறுப்பு லானியிடம் விடப்பட்டது. லானி அதைக் கனத்த மனத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்தடுத்து கடைக்குப் போகும்போதெல்லாம் துப்பாக்கியில் ஏதாவது ஒன்று முளைத்திருந்தது. பகலில் பார்க்க ஒரு தொலைநோக்கி. இருட்டில் பன்றியின் உடம்புச் சூட்டைப் பார்க்க இன்னொன்று. சத்தத்தைக் குறைக்கக் குழல் வாயில் ஒரு குழாய். வெளிச்சம் அடிக்க விளக்கு. குறி வைத்த இடத்தில் விழ ஒரு சிவப்புப் புள்ளி. சிவப்புப் புள்ளி சிலருக்குக் கண் கூசும் என்பதால் ஒரு பச்சைப் புள்ளி. நிறுத்தி வைக்க இரண்டு கால்கள். எமில் அதைத் தூக்கிப் பார்த்தான். இதால் சுடுவதைவிட இதைப் பன்றியின் மேல் போட்டுவிடுவது சுலபம் என்று தோன்றியது.

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையல் மேசையில் வைத்தபோது அவன் மனைவி டார்லீன் மாவுக் கையோடு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது துப்பாக்கியா, கிறிஸ்துமஸ் மரமா?"

"ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்காம்."

"விசை எங்க இருக்கு?"

எமில் தேடினான். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மச்சான் போன் பண்ணாரு," என்றாள் டார்லீன். "திங்கக்கிழமையிலேருந்து வரலாமாம். நீச்சல் குளத்துக்கு நீல ஓடு நல்லதா, பச்சை ஓடு நல்லதான்னு இப்பவே யோசிக்க ஆரம்பிக்கச் சொன்னாரு."

எமிலுக்கு மூக்கு வரைக்கும் தண்ணீர் ஏறியது போல இருந்தது.

களச்சோதனையை எமிலின் வயலிலேயே வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் கழகம் முழுவதும் வந்திறங்கியது. ஐஸ்பெட்டிகள், மடக்கு நாற்காலிகள், பழம் வைத்துச் சுட்ட கொலாச்சே ரொட்டிகள், குழுவுக்கென்று தனிப் பந்தல். எல்லோரும் பன்றியின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, இலை இலையாக அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள். பன்றிகள் விட்டுவைத்த வெறும் கரிசல் மண்ணில் இலை என்று இருந்தது அந்தச் சட்டைகளில் மட்டும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ளிருந்து இரண்டு மூன்று பன்றிகள் அவர்களைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதோ, அங்க," என்று எமில் கை காட்டினான்.

"சும்மா இரு தம்பி," என்றார் கர்னல். "சோதனை நேரத்துல நிஜப் பன்னியைச் சுட்டா முடிவு செல்லாது."

பன்றிக்குப் பதிலாக ஒரு வண்டி தர்பூசணி கொண்டுவந்திருந்தார்கள். தர்பூசணிகள் வரிசையாக நின்றன. சின்னத் தோட்டாக்காரர்கள் சுட்டார்கள். பெரிய தோட்டாக்காரர்கள் சுட்டார்கள். பழங்கள் சிதறின. ஒவ்வொரு சிதறலுக்குப் பிறகும் டாக்டர் ஆர்வில் போய்க் குனிந்து, பழத்தின் வாய்க்குள் பார்ப்பது போலப் பார்த்து, "வேர் வரைக்கும் போயிருக்கு" என்றார். கர்னல் போய்ப் பார்த்து, "அது பழத்தோட பலவீனம், தோட்டாவோட பலம் இல்ல" என்றார். எமிலின் முறை வந்தபோது சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் ஒரே பழத்தில் விழுந்து, எதைச் சுடுவது என்று புரியாமல் பந்தல் கம்பத்தைச் சுட்டான். பந்தல் மெல்ல உட்கார்ந்தது. உள்ளே இருந்த லானி, கம்பம் நல்ல தரம் இல்லை என்றும் தன் கடையில் இதைவிட உறுதியானது இருக்கிறது என்றும் துணிக்கு அடியிலிருந்து சொன்னார்.

மாலையில் எல்லோரும் தர்பூசணிச் சிதறல்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் ஒரு விதைகூட மிச்சமில்லை. வயல் முழுக்கப் புதிய குளம்படிகள். இதுவரை வராத பன்றிகளும் வந்து போயிருந்தன.

எமில் கர்னலுக்குப் போன் செய்தான். கர்னலுக்கு ஒரே சந்தோஷம்.

"அவ்வளவு சத்தம் கேட்டும் வந்திருக்குன்னா என்ன அர்த்தம்? நம்ம மேல அதுக்கு மரியாதை வந்துடுச்சு. தேர்வு சரியான பாதைல போகுது தம்பி. இனி துப்பாக்கித் தோள்வார் என்ன நிறம்கறது மட்டும்தான் பாக்கி. அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கேன்."

"கர்னல், இன்னும் ரெண்டு வாரத்துல நான் விதைக்கணும்."

"தோல் நிறமா, ஆலிவ் நிறமாங்கறது ரெண்டு வாரத்துல முடியற விஷயமா?"

அதே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து மதியச் சாப்பாட்டுக்கு டார்லீன் ஸ்ட்ராபெரி ஜெல்லி சாலட் கொண்டுபோயிருந்தாள். ஜெல்லி, க்ரீம், பாலாடைக்கட்டி, நடுவில் உப்புப் பிஸ்கட் தூள். பக்தியுள்ள சபை அது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. ஒருவர்கூடத் தொடவும் இல்லை. திரும்பக் கொண்டுவந்து, கொட்டகைக்குப் பின்னால் மழையில் நனைந்து புளித்துக் கிடந்த சோளத்தின் மேல் கவிழ்த்துவிட்டு, பாத்திரத்தை மட்டும் கழுவி வைத்தாள்.

விடிந்து பார்த்தால் அந்த இடம் நக்கித் துடைத்தது போல இருந்தது. சுற்றியிருந்த வேலியில் ஒரு பலகையைக் காணோம். அதில் கொஞ்சம் ஜெல்லி தெறித்திருந்தது.

டார்லீன் இடுப்பில் கை வைத்து நின்றாள். பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் சமையலை இவ்வளவு முழுமையாக யாரும் ஏற்றுக்கொண்டதில்லை.

"எமில், இதுங்களைச் சுடவே வேணாம்," என்றாள். "சாப்பிடக் கூப்பிட்டாப் போதும்."

"கூப்பிட்டு?"

"கதவைச் சாத்திடணும்."

எமிலுக்குப் பயம் வந்தது. பன்றியைக் கண்டல்ல. "கழகம் ஒத்துக்காது. குத்தகை இருக்கு."

"அதைக் கழகத்துக்கிட்டயே கேட்டுடலாம்."

கழகத்தின் மாதக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வரலாம். பெண்கள் பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவருவார்கள், ஆண்கள் பேச்சுக் கொண்டுவருவார்கள். அன்றைக்குத் தோள்வார் துணைக்குழு தன் இடைக்கால அறிக்கையை வாசித்து முடித்ததும் டார்லீன் எழுந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம், கர்னல். கூண்டு வெச்சுப் பன்னியைப் புடிச்சா என்ன?"

எங்கோ ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது.

கர்னல் எழுந்தார். கோபப்படவில்லை. அறியாமையைக் கண்டால் அவருக்கு இரக்கம்தான் வரும்.

"அம்மா, கூண்டுங்கறது கிளிக்கு. வேட்டைன்னா என்ன? ஒரு பக்கம் மனுசன், ஒரு பக்கம் மிருகம், நடுவுல சரியாத் தேர்ந்தெடுத்த துப்பாக்கி. என் முப்பாட்டனார் இந்த மண்ணுல துப்பாக்கியோட வந்து இறங்கினாரு. கூண்டோட வரல. புளிச்ச சோளத்தைக் கொட்டி, கதவைத் தொறந்து வெச்சு, 'வாங்க, உக்காருங்க'ன்னா அதுக்குப் பேரு வேட்டையா?"

"ஸ்ட்ராபெரி ஜெல்லித் தூளும் தூவலாம்னு இருக்கோம்," என்றாள் டார்லீன்.

கூடம் அதிரச் சிரிப்பு. டாக்டர் ஆர்விலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கட்சிகளும் ஒன்றாகச் சிரித்தது கழக வரலாற்றில் அதுதான் முதல் முறை.

"ஜெல்லி!" என்றார் கர்னல். "பன்னிக்கு ஜெல்லி! நாப்கின் மடிச்சு வெப்பீங்களா? ஸ்பூன் குடுப்பீங்களா? அம்மா, ஆம்பளையாப் பொறந்த எவனும், டெக்சஸ்ல பொறந்த எவனும், கடைக்குப் போயி, பன்னிக்காக ஜெல்லி வாங்கிக்கிட்டு தலை நிமிந்து வெளிய வர மாட்டான்."

"அப்ப அது வேட்டை இல்ல?"

"எங்கம்மா மேல ஆணையா வேட்டை இல்ல. அது சமையல்!"

"குத்தகை வேட்டைக்குத்தானே?"

பலகாரத்தை மென்றுகொண்டிருந்த லானியின் வாய் சட்டென்று நின்றது. பேச்சை நிறுத்தச் சொல்லிக் கர்னலுக்குக் கண்ணைக் காட்டினார். கர்னலுக்குக் கைதட்டல் காதை அடைத்திருந்தது.

"குத்தகை வேட்டைக்குத்தான்! சமையலுக்குக் கழகம் குறுக்கே நிக்காது. தாராளமாச் செய்யுங்க!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டார்லீனும் தட்டினாள். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாட்டுப் பட்டிக்குப் போடுகிற கம்பி வலைத் தடுப்புகளை ஓடையோரம் வட்டமாக நட்டார்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழே விழுகிற கதவு. கதவிலிருந்து கொட்டகை வரைக்கும் ஒரு கயிறு. பீப்பாயில் ஊறிய சோளத்தின் நாற்றத்தில் தபால்காரர் கடிதங்களைச் சாலையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் டார்லீன் ஸ்ட்ராபெரி ஜெல்லித் தூளைத் தூவினாள், கேக்கின் மேல் சர்க்கரை தூவுகிற அதே அக்கறையோடு.

கதவை முதலில் திறந்தே விட்டார்கள். பன்றிகளுக்குப் பழகவேண்டும். பன்றிகள் வந்தன, தின்றன, போயின. எமில் பாதி உயிராய் அலைந்தான். "தீனி போட்டு வளக்கறோம் டார்லீன்."

"வெளிய நிக்கற கிழவியும் உள்ள வரட்டும். அவதான் இன்னும் யோசிக்கறா."

பெரிய பெண்பன்றி ஒன்று தினமும் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே தின்கிறவர்களைத் தேர்வுக் குழுத் தலைவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விடியற்காலையில் அதுவும் மூக்கை நீட்டியது. ஜெல்லி வாசனை வென்றது. உள்ளே போனது. டார்லீன் ஒரு கையில் காப்பிக் கோப்பையோடு மறு கையால் கயிற்றை இழுத்தாள். காப்பி சிந்தவில்லை.

பன்றி வாங்குகிறவர் லாரியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார். பிள்ளை, பேரன், சித்தி, பெரியம்மா என்று ஒரு குடும்பமே போயிற்று. எமில் கடைசி மூட்டைகளை விதைத்தான். சோளம் முளைத்தது. முழங்கால் உயரம் வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டு, பச்சை ஓடுதான் நல்லது, ஆனால் நான் வரவில்லை என்றான்.

சோளம் ஆளுயரம் வந்தபோது கழகத்தார் கார்களில் வந்து இறங்கினார்கள். தேர்வு முடிந்திருந்தது. எமிலுக்கான துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கட்சிகளுக்குள் சமாதானமாக நடுத்தரத் தோட்டா, தோள்வார் பாதி தோல் நிறம், பாதி ஆலிவ். வயலுக்கு நடுவில் நின்று கர்னல் சொற்பொழிவாற்றினார். அவருடைய இலைச் சட்டை அங்கே முதல் முறையாகப் பொருந்தியது. தொப்பி மட்டும் சோளத்துக்கு மேலே தெரிந்தது.

"கர்னல், இப்ப பன்னியே இல்லியே," என்றான் எமில்.

"தேர்வுக்கும் தேவைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று தொப்பி சொன்னது.

பன்றியே இல்லை என்று சொன்னது முழுக்கச் சரியல்ல. கூண்டில் அகப்படாத கூட்டம் ஒன்று ஓடையைத் தாண்டி மேற்கே போயிருந்தது. மேற்கே கர்னலின் வீடு. வீட்டைச் சுற்றி, இலையுதிர்கால விருந்துக்காக அவர் கத்தரிக்கோலால் வெட்டியது போல வளர்த்திருந்த புல்வெளி. கவர்னரையே அழைத்திருந்தார். வருவதாகவோ வரமாட்டேன் என்றோ பதில் வராத நிலையில், வருகிறார் என்று ஊரில் சொல்லியும் விட்டார்.

முதல் நாள் பன்றிகள் ஒரு மூலையை உழுதன. கர்னல் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து, கழகமே மெச்சிய தன் துப்பாக்கியை எடுத்தார். சாயங்காலம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பன்றிகள் வந்தன. அவர் விசையை இழுத்தார், மறுபடி இழுத்தார், நடுவில் யோசிக்கவில்லை. பன்றிகள் வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அங்கே தின்றன. சமையலறை ஏர்கண்டிஷனர் மட்டும் நின்றுபோனது.

"அது எச்சரிக்கை வெடி," என்றார் கர்னல், தேவாலயத்தில் விசாரித்தவர்களிடம்.

"ஏர்கண்டிஷனருக்கா?" என்று கேட்டாள் டார்லீன்.

பெரிய தோட்டா போய்ச் சேர்வதற்குள் பன்றி மறுபக்கம் போய்விட்டது என்று டாக்டர் ஆர்வில் ஒரு வாரம் எல்லோரிடமும் விளக்கினார். நாற்காலி சரியில்லை என்றார் லானி. வராந்தா நாற்காலிகளை ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. ஏற்கெனவே பந்தலைச் சுட்ட அனுபவம் உள்ளவன் என்று எமிலையும் அதில் போட்டார்கள். துணைக்குழு கூடிக்கொண்டிருந்த நாட்களில் பன்றிகள் புல்வெளியின் மீதியையும் கொள்கை மாறாமல் உழுது முடித்தன. விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மளிகைக்கடையில் கூட்டமில்லாத நேரம். காப்பித்தூள் வாங்க வந்த எமிலும் டார்லீனும் கேக் மாவு, சர்க்கரை அடுக்கியிருந்த சந்தில் திரும்பினார்கள். அங்கே ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். தலையில் தொப்பி இல்லாததால் எமிலுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கர்னலுக்கு வழுக்கை என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

தள்ளுவண்டியில் மேலே ஒரு வேட்டைப் பத்திரிகை விரித்துப் போட்டிருந்தது. பத்திரிகைக்கு அடியிலிருந்து சின்னச் சின்ன சிவப்பு டப்பாக்கள் எட்டிப் பார்த்தன.

"வணக்கம், கர்னல்," என்றாள் டார்லீன்.

கர்னல் பத்திரிகையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். "வணக்கம்மா. சும்மா... பேரப்பிள்ளைங்க வர்றாங்க."

கர்னலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எமில் அலமாரியில் இருந்த பேக்கிங் சோடாவை உற்றுப் பார்த்தான்.

டார்லீன் வண்டியை எட்டிப் பார்த்தாள். "செர்ரி ஜெல்லி எடுத்திருக்கீங்க போல."

"ஆமா. ஏன்?"

"அதுங்களுக்கு செர்ரி பிடிக்காது."

"யாருக்கு?"

"பேரப்பிள்ளைங்களுக்கு."

கர்னல் சந்தின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். டாக்டர் இல்லை. லானி இல்லை. செர்ரி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, சத்தம் வராமல், இருந்த இடத்தில் திரும்ப வைத்தார். பக்கத்துத் தட்டில் ஸ்ட்ராபெரி இருந்தது.

ஒன்றை எடுத்து வண்டியில் போட்டார். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நடுவில் யோசிக்கவேயில்லை.